விட்டுவந்த முப்பத்தொரு கேள்விகள்

கறம்பக்குடி
28 ஜூலை 2024

சரண்யா,

கடிதத்தைப் பார்த்ததும் வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பயப்படாதே. அத்தை நன்றாக இருக்கிறார். உன் மருமகள் இளமதி ஆடிக்கொண்டிருந்த பல்லை இட்லியோடு விழுங்கிவிட்டாள், அதுவும் ஒன்றும் செய்யாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

உன் நம்பரை நான் ப்ளாக் செய்திருப்பதால்தான் கடிதம். குடும்பக் குழுவில் நீ போட்ட வாய்ஸ் மெசேஜ் ஞாபகம் இருக்கிறதா? "கோச்சிங் போன என்னாலேயே எம்.பி.ஏ.வுக்கான கேட் பரீட்சையில தேற முடியலை. அண்ணி பேசாம பலாப்பழத்தை வித்துக்கிட்டு இருக்கட்டும்." அதற்கு ஏழு பேர் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். நான் எண்ணினேன்.

ப்ளாக்கை எடுக்கிற எண்ணம் இப்போது இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருப்பது திருட்டுத்தனமாக இருக்கிறது. பரணில் இருந்த உன் நீல டிரங்குப் பெட்டியை நான் திறந்துவிட்டேன். உன் கோச்சிங் புத்தகங்கள் பதினான்கும் கரையான் படாமல் இருக்கின்றன. எடுத்துக்கொள்ளட்டுமா? வேண்டாம் என்றால் அப்படியே வைத்துப் பூட்டிவிடுகிறேன்.

நான் ஏன் இந்த வயதில் எம்.பி.ஏ.வுக்கு ஆசைப்படுகிறேன் என்று நீ கேட்கவில்லை, சிரித்தாய். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். போன ஆனியில் எங்கள் உழவர் கம்பெனியின் பலா ஒரு லாரி, வாங்குகிறவன் கைவிட்டதால் ஆலங்குடியில் மூன்று நாள் நின்று அழுகியது. அடுத்து யாரைக் கேட்பது என்று ஆபீஸில் இருந்த ஒன்பது பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. எனக்கு அது தெரிந்தாக வேண்டும். வேளாண் வணிகம் என்று தனியாகவே ஒரு மேலாண்மைப் படிப்பு இருக்கிறது, அதற்கும் இந்தப் பரீட்சைதான்.

உன் அண்ணன் மஸ்கட்டிலிருந்து ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். இந்த ஒரு தடவை. ஒரு நேர்முகத் தேர்வுக்காவது அழைப்பு வராவிட்டால், பிப்ரவரியில் நானும் இளமதியும் அவரிடம் போய்விட வேண்டும், இந்தப் பேச்சை மறுபடி எடுக்கக் கூடாது. ஒப்புக்கொண்டேன்.

பரீட்சைக்குப் பதினேழு வாரம் இருக்கிறது. அப்பா கல்லணைக் கால்வாயில் முறைத் தண்ணீர் பாய்ச்சுகிற மாதிரியே திட்டம் போட்டிருக்கிறேன். இந்த வாரம் தண்ணீர் முழுக்க சதவீதத்துக்கும் விகிதத்துக்கும். அடுத்த வாரம் மடை மாறும், ஆனால் பழைய வயல் காயாமல் தினம் பத்துக் கணக்கு. காலை ஐந்திலிருந்து ஆறரை வரை கணக்கு, ஆலங்குடி பஸ்ஸில் போக வர இங்கிலீஷ் வாசிப்பு, ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் கம்ப்யூட்டரில் மாதிரித் தேர்வு. வாட்ச்மேன் ராக்கனிடம் சாவிக்குச் சொல்லிவிட்டேன். எல்லா வயலுக்கும் தண்ணீர் எட்டாது. வடிவியலையும் இன்னும் மூன்று பாடத்தையும் தரிசாகப் போட்டுவிட்டேன்.

அத்தைக்கு இது ரயில்வே கேட் வேலைக்கான பரீட்சை. நான் 'கேட்' என்றேன், அவர் அப்படிப் புரிந்துகொண்டார். தெருவில் எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது. கவர்மெண்டு வேலை என்பதால் காலையில் யாரும் வாசலில் நின்று பேசுவதில்லை. எனக்கும் திருத்த மனசு வரவில்லை.

புவனேஸ்வரி

*

பெங்களூரு
6 ஆகஸ்ட் 2024

அண்ணிக்கு,

அடுத்தவர் பெட்டியைத் திறந்துவிட்டு அப்புறம் அனுமதி கேட்பதை எந்த ஊரில் அனுமதி என்கிறார்கள்? புத்தகங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் சிவப்பு நாடா கட்டிய கட்டு ஒன்று இருக்கும், அதை மட்டும் தொடாதீர்கள். அது என் மாதிரித் தேர்வுத் தாள்கள். எரிக்க நினைத்து மறந்துபோனவை.

நான் சிரித்தது உங்களைப் பார்த்து அல்ல. இது உங்களுக்குப் புரியாது. இரண்டு வருடம் படித்தேன் அண்ணி. இரண்டு தடவை எழுதினேன். இரண்டாவது தடவைக்கு அப்புறம் அம்மா என்னைப் பார்க்க வந்த எல்லாரிடமும், "புள்ளைக்கு எட்டலை" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். நாலு வருடமாக நான் எந்த வேலையை எடுத்தாலும் அந்த வார்த்தைதான் முன்னால் வந்து நிற்கிறது. அதே பரீட்சையை நீங்கள் பஸ்ஸில் படித்து எழுதப்போகிறேன் என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

உங்கள் திட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. நாலு பாடத்தைத் தரிசாகப் போட யார் சொன்னது? நம் இரண்டு பேருக்கும் கணக்கு எடுத்தது அமராவதி டீச்சர்தான். "ஒரு கேள்வியும் விட்டுட்டு வரக் கூடாது. தெரியலைன்னா கேள்வி நம்பரையாவது போட்டு எதையாச்சும் எழுதிட்டு வா." அதைக் கேட்டுத்தானே நாம் பாஸானோம்? பாதி படித்துவிட்டுப் போய் நிற்கிற பரீட்சை இல்லை இது.

அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் பச்சைக் கொடியும் விசிலும் வாங்கி வைத்துவிடுவார்.

சரண்யா

*

கறம்பக்குடி
18 ஆகஸ்ட் 2024

சரண்யா,

தொடாதே என்று நீ சொன்ன கட்டைத் தொட்டுவிட்டேன். திட்டுவதாக இருந்தால் முழுக்கடிதத்தையும் படித்துவிட்டுத் திட்டு.

முதலில் என் வெட்கத்தைச் சொல்கிறேன். போன ஞாயிறு முதல் மாதிரித் தேர்வு எழுதினேன். அமராவதி டீச்சர் பின்னால் நிற்கிற மாதிரியே இருந்தது. அறுபத்தெட்டுக் கேள்விக்கும் எதையாவது அழுத்திவிட்டு வந்தேன். பத்தொன்பது மதிப்பெண். ராக்கன் அண்ணன், "என்னத்தா, கம்ப்யூட்டர் ரிப்பேரா?" என்று கேட்கிற அளவுக்கு அப்படியே உட்கார்ந்திருந்தேன். படித்தவளே எப்படித் தோற்றாள் என்று பார்க்கத்தான் உன் கட்டைப் பிரித்தேன்.

மூன்றாவது தாளை எடுத்துக்கொள். அப்போதெல்லாம் எழுபத்தாறு கேள்வி, சரிக்கு மூன்று மதிப்பெண், தப்புக்கு ஒன்று கழிவு. ஒன்றைக்கூட நீ விடவில்லை. ஆனால் நாற்பது கேள்விக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளி வைத்திருக்கிறாய். சந்தேகம் என்று அர்த்தமா? அந்த நாற்பதில் சரியாக வந்தது நான்கு. முப்பது இடத்தில் ஒவ்வொரு மதிப்பெண் கழிந்திருக்கிறது, மீதி ஆறு தப்புக்குக் கழிக்காத வகை. மொத்தம் அறுபத்தெட்டு வாங்கியிருக்கிறாய். புள்ளி வைத்ததையெல்லாம் அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்திருந்தால் எண்பத்தாறு. நாற்பதோடும் மல்லுக்கட்டிய நேரம் கையில் மிஞ்சியிருக்கும், அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

புள்ளி இல்லாத முப்பத்தாறில் முப்பது சரி, சரண்யா. எவ்வளவு சுத்தமாகப் போட்டிருக்கிறாய் தெரியுமா? ஒரு வேலை-நேரக் கணக்கை நான் ஒன்றரைப் பக்கம் போட்டேன், நீ மூன்று வரியில் முடித்திருக்கிறாய். அந்த மூன்று வரியை இளமதியின் சிலேட்டில் எழுதி வைத்து நாலு நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன். உனக்கு எட்டாமல் போகவில்லை. தெரிந்ததற்கும் தெரியாததற்கும் நடுவில் நீயே புள்ளி வைத்துக் காட்டியிருக்கிறாய். விடத்தான் நம் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரவில்லை. அங்கே தப்புக்கு மதிப்பெண் கழிக்க மாட்டார்கள், டீச்சர் சொன்னது அங்கே சரி.

அத்தையிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். "ஏத்தா, அப்ப கேட்டு இல்லையா? ஊரெல்லாம் சொல்லிப்புட்டேனே!" என்று தலையில் கை வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து அவரே வந்தார். "சரி, எழுதி முடிக்கிற வரைக்கும் ஊருக்குக் கேட்டாவே இருக்கட்டும். அப்பத்தான் இங்கிட்டு ஒருத்தரும் வந்து தொணதொணக்க மாட்டாக." உன் அம்மாவை நாம் குறைவாக எடைபோட்டு வைத்திருக்கிறோம்.

புவனா

*

பெங்களூரு
29 செப்டம்பர் 2024

அண்ணிக்கு,

ஆறு வாரம் ஆகிவிட்டது. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

உங்கள் கடிதம் வந்த அன்றைக்கு ஆபீஸுக்கு லீவு போட்டேன். அந்தக் கட்டில் இருக்கிற ஆறு தாள்களையும் அப்போதே ஸ்கேன் செய்து மெயிலில் வைத்திருந்தேன், புள்ளிகளோடு. ஆறையும் உங்கள் கணக்குப்படி மறுபடி போட்டுப் பார்த்தேன். ஆறிலும் அதேதான். நாலு வருடமாக நான் மக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன் அண்ணி. ஒரு நாள் முழுக்க அழுதேன். கோபமும் வந்தது. பலாப்பழம் விற்கிறவர் என்று நான் சொன்ன ஒருவர் என் தாளை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னதை, கோச்சிங்கில் அத்தனை பேரும் எனக்குச் சொல்லவில்லையே என்று கோபம்.

இப்போது நான் சொல்லப்போவதைப் படித்தபின் நீங்கள் கடிதத்தையும் நிறுத்திவிடலாம். ஜூலையில் அண்ணன் எனக்குப் போன் செய்தான். "நீ எழுதியிருக்க, ஒனக்குத்தான் தெரியும். ஒங்க அண்ணியால முடியுமா?" என்று கேட்டான். ஒரு நொடிகூட யோசிக்காமல் முடியாது என்றேன். அதற்கப்புறம்தான் அவன் 'இந்த ஒரு தடவை' என்று உங்களுக்குக் கெடு வைத்தான். அது பொறாமை. வேறு பெயர் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

நேற்று அவனைக் கூப்பிட்டு, நான் சொன்னது தப்பு, அண்ணியால் முடியும் என்றேன். "இப்ப வந்து சொல்றியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான்.

உங்களுக்கு இங்கிலீஷ் பத்திகள்தான் கஷ்டமாக இருக்கும். எனக்கு அது நன்றாக வரும், அதனால் ஒன்று சொல்கிறேன். ஒவ்வொரு பத்திக்குள்ளும் ஒரு நாத்தனார் இருப்பாள். எழுதியவர் அவளை நேராகத் திட்ட மாட்டார். 'சிலர் இப்படிக் கருதுகிறார்கள்' என்று மரியாதையாக ஆரம்பித்து உள்ளே குத்துவார். அவர் யாரோடு சண்டை போடுகிறார் என்று கண்டுபிடித்துவிட்டால் பாதிக் கேள்வி முடிந்தது. அந்தத் தாள்களிலிருந்தே தினம் ஒரு பத்தி படித்து, நாத்தனார் யார் என்று ஒரே வரி தமிழில் எழுதி அனுப்புங்கள். நான் திருத்தி அனுப்புகிறேன்.

என்னோடு பேச வேண்டாம். வரிகளை மட்டும் அனுப்புங்கள்.

சரண்யா

*

கறம்பக்குடி
6 அக்டோபர் 2024

சரண்யா,

படித்தேன். உன் அண்ணனிடம் நீ சொன்னதைப் பற்றி இப்போது நான் ஒன்றும் எழுதப் போவதில்லை. மனசு வலிக்கிறது, எழுத ஆரம்பித்தால் அந்த நாள் முழுக்கப் போய்விடும். பரீட்சை முடிகிற வரை அந்தக் கேள்வியை விடுகிறேன்.

ஐந்து வரிகள் கீழே.

ஒன்று: தேனீக்களைப் பற்றியது. நாத்தனார், தேனீ வேலைக்காரி என்று நினைக்கிறவர்கள்.
இரண்டு: பழைய கட்டடங்கள். நாத்தனார், எல்லாவற்றையும் அப்படியே பாதுகாக்கச் சொல்கிறவர்கள்.
மூன்று: புரியவில்லை. இரண்டு பேர் சண்டை போடுகிறார்கள், எழுதியவர் நடுவில் நிற்கிறார்.
நான்கு: பணவீக்கம். நாத்தனார், அரசாங்கம்.
ஐந்து: மொழிபெயர்ப்பு. நாத்தனார் கிடையாது. எழுதியவர் தன்னோடேயே சண்டை போடுகிறார்.

போன ஞாயிறு மதிப்பெண் நாற்பத்திரண்டு.

புவனா

*

பெங்களூரு
14 அக்டோபர் 2024

அண்ணிக்கு,

ஒன்று, இரண்டு சரி. நான்கு தப்பு. அரசாங்கத்தைத் திட்டுகிற மாதிரி ஆரம்பித்து, அரசாங்கத்தைத் திட்டுகிறவர்களைத் திட்டுகிறார். அதன் கடைசி வரிகளை மறுபடி பாருங்கள். மூன்றில் நடுவில் நிற்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள், அதுதான் விடை, அப்புறம் எதற்குப் புரியவில்லை என்று போட்டீர்கள்?

ஐந்தாவதைப் படித்துவிட்டு ஆபீஸ் கேன்டீனில் பக்கத்திலிருந்த தோழி அருணாவிடம் காட்டினேன். நான் சொல்லித்தராததை நீங்களே கண்டுபிடித்திருக்கிறீர்கள். ஐந்து மணிக்கு எழுந்து, சமைத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, பஸ்ஸில் நின்றுகொண்டே படித்த ஒருவர் எழுதிய வரி இது என்று அவளிடம் சொன்னேன். என் அண்ணி என்று சொன்னேன். பெருமையாக இருந்தது, சொல்லிவிடுகிறேன்.

இனி வாரம் ஏழு அனுப்புங்கள்.

சரண்யா

*

கறம்பக்குடி
25 நவம்பர் 2024

சரண்யா,

நேற்று திருச்சியில் எழுதிவிட்டு வந்தேன். மத்தியான வேளைத் தேர்வு. அத்தை புதுக்கோட்டை வரைக்கும் கூடவே வந்து பஸ் ஏற்றிவிட்டார். பக்கத்து சீட்டுப் பெண்ணிடம், "மேனேஜர் பரீட்சைக்குப் போறா, பேச்சுக் குடுக்காத" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

இங்கிலீஷில் நாலு பத்தி. மூன்றில் நாத்தனார் உடனே அகப்பட்டுவிட்டாள். நாலாவது தத்துவம். இரண்டு வரி படித்தேன், கை கூப்பிவிட்டு அடுத்த பக்கம் போய்விட்டேன். இரண்டாம் பகுதியில், அதாவது அட்டவணைப் புதிர்களில், ஐந்து தொகுப்பையும் முதலில் படித்துப் பார்க்கவே ஆறு நிமிடம் செலவழித்தேன். இரண்டைத்தான் தொட்டேன், மூன்றாவதில் பாதி.

கணக்கில்தான் சோதனை. முதல் கேள்வியே வடிவியல். வட்டத்துக்குள் முக்கோணம், பார்த்தால் வந்துவிடும் போல இருந்தது. டீச்சர் குரல் காதுக்குள் கேட்டது. கை மவுஸை அழுத்தப் போனது. அந்த ஒரு நொடி உன் தாளில் இருந்த நாற்பது புள்ளிகளையும் நினைத்துக்கொண்டேன். விட்டேன். அப்புறம் விடுவது சுலபமாகிவிட்டது. மூன்று பகுதியிலும் சேர்த்து, அறுபத்தெட்டில் முப்பத்தொரு கேள்வியை அப்படியே காலியாக விட்டுவிட்டு எழுந்து வந்தேன். வாழ்க்கையில் முதல் தடவை. வாசலுக்கு வந்ததும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன், ஏதோ தப்புச் செய்துவிட்டவள் மாதிரி.

இப்போது, விட்டு வைத்திருந்த அந்த ஒன்று. உன் அண்ணனிடம் நீ சொன்னது எனக்குப் பெரிய துரோகமாகத்தான் பட்டது. இன்னும் முழுக்க ஆறவில்லை. ஆனால் நீயே எழுதியிருக்காவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது. தெரியாமல் இருந்திருந்தால் நாற்பத்திரண்டிலேயே நின்றிருப்பேன், ஏனென்றால் அந்தக் கடிதத்தில்தான் நாத்தனாரைக் கண்டுபிடிக்கிற வழியும் இருந்தது. ப்ளாக்கை எடுத்துவிட்டேன். உடனே போன் செய்து கத்தாதே, இரண்டு நாள் நான் தூங்க வேண்டும்.

புவனா

*

பெங்களூரு
21 டிசம்பர் 2024

அண்ணிக்கு,

ரிசல்ட் வந்ததும் நீங்கள் போன் செய்தீர்கள், நான் 'ம், ம்' என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன், நமக்கு இதுதான் பழகிவிட்டது.

தொண்ணூற்று மூன்று. எழுதிய நூறு பேரில் தொண்ணூற்று மூன்று பேரை முந்தியிருக்கிறீர்கள். பாதிக்குக் கொஞ்சம் மேலே தொட்டுவிட்டு! நான் இத்தனை பேரை ஆபீஸில் பார்க்கிறேன், இவ்வளவு துணிச்சலை யாரிடமும் பார்க்கவில்லை.

நீங்கள் விண்ணப்பித்திருக்கிற பெங்களூரு வேளாண் வணிகக் கல்வி நிறுவனத்தின் அழைப்பு வந்ததும் தேதியை எனக்குச் சொல்லுங்கள். பஸ் ஸ்டாண்டுக்கு நான் வருகிறேன். இங்கே இடம் கிடைத்தால் இன்னொரு யோசனையும் வைத்திருக்கிறேன். என் வீட்டில் ஒரு அறை சும்மா இருக்கிறது. அம்மாவும் இளமதியும் என்னோடு இருக்கட்டும். நீங்கள் விடுதியிலிருந்து வார இறுதியில் வரலாம். அண்ணனிடம் நானே பேசுகிறேன். இந்தத் தடவை யோசித்துவிட்டுப் பேசுகிறேன்.

நான் மறுபடி எழுதப் போவதில்லை. எனக்கு இப்போது அந்த ஆசை இல்லை. ஆனால் புள்ளைக்கு எட்டவில்லை என்ற பேச்சு காதில் விழுவது நின்றுவிட்டது. அதைச் செய்தது நீங்கள்.

சரண்யா

*

கறம்பக்குடி
27 ஏப்ரல் 2025

சரண்யா,

போனில் சொன்னதை எழுத்திலும் சொல்லிவிடுகிறேன். இடம் கிடைத்துவிட்டது. ஜூனில் சேர வேண்டும்.

உன் அண்ணன் நேற்று நெடுநேரம் பேசினார். "நீ படி. நான் இங்கிட்டு இன்னும் ரெண்டு வருசம் இருந்துட்டு வாரேன்" என்றார். கெடு வைத்ததற்கு வருத்தப்படுகிறார் என்பது பேச்சில் தெரிந்தது, வாயால் சொல்லவில்லை. அதையும் சொல்லட்டும் என்று காத்திருக்கிறேன். அத்தை இப்போதே ஊறுகாய் ஜாடிகளைத் துணியில் சுற்ற ஆரம்பித்துவிட்டார். உன் வீட்டில் அவற்றுக்கு இடம் செய்து வை.

ஒன்றை மட்டும் இரண்டு மாதமாக உன்னிடம் சொல்லவில்லை. இடம் கிடைக்காமல் போயிருந்தால் அதுதான் காரணம் என்று நீ நினைத்திருப்பாய், அதனால் சொல்லவில்லை.

நேர்முகத் தேர்வில் மூன்று பேர் இருந்தார்கள். பலா லாரியைப் பற்றி நிறையக் கேட்டார்கள். கடைசியில் கண்ணாடி போட்ட அம்மா, எந்த கோச்சிங் சென்டரில் படித்தீர்கள் என்று கேட்டார். எங்கேயும் இல்லை, என் நாத்தனார் கடிதத்தில் சொல்லிக்கொடுத்தாள் என்றேன். உங்கள் நாத்தனார் எங்கே எம்.பி.ஏ. படித்தார் என்று கேட்டார். படிக்கவில்லை, இரண்டு தடவை எழுதினாள், இடம் கிடைக்கவில்லை என்றேன். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இடம் கிடைக்காதவரிடமா கற்றுக்கொண்டீர்கள் என்று அந்த அம்மா மெதுவாகக் கேட்டார்.

எனக்கு இங்கிலீஷ் தடுமாறியது. ஆனாலும் சொல்லிவிட்டேன். "இந்த நாற்காலியில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டியவள் அவள். நான் அவளுடைய தாள்களைப் பார்த்துத்தான் படித்தேன். இப்போது வெளியே என் பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்."

கண்ணாடி போட்ட அந்த அம்மா அப்போது கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாரே, ஞாபகம் இருக்கிறதா? வழியை மறைத்துக்கொண்டு நிற்கிறோம் என்று நினைத்து நீ பையோடு சட்டென்று ஒதுங்கி நின்றாய். அவர் வெளியே போக வரவில்லை, சரண்யா. உன்னைப் பார்க்கத்தான் வந்தார்.

புவனா